நாற்பதாவது தலை

பதிவுப் புத்தகம் நாற்பது தலை கேட்கிறது.
வெட்டு இருபத்தைந்து, சவரம் பத்து, நிறமூட்டல் ஐந்து.
ஒவ்வொன்றுக்கும் எதிரே
ஆளின் கையொப்பம், திகதி,
கிருபாலினி மிஸ்ஸின் முதலெழுத்து.

பெட்டியில் வந்த ரப்பர் தலை கணக்கில் சேராது.
செரீனா என்று அதற்குப் பெயர் வைத்தோம்.
பதினாறு பேர் மாறி மாறிப் பழகியதில்
கழுத்து மட்டத்துக்கு வந்து
பிறகு காதுக்கு மேலும் ஏறிவிட்டது அவள் முடி.
"செரீனா இப்ப ஆரைப்போல இருக்கிறாள் எண்டால்..." என்று தொடங்கிய லுகிர்தா
பாதியில் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.
எங்கள் அக்காமார் ஒரு காலம்
வெட்டிக்கொண்ட அளவு அது.

மாங்குளம் சந்தியில் துண்டுப்பிரசுரம் கொடுத்தோம்.
இலவசம். மாணவர் வெட்டு. காது பத்திரம்.
மல்லாவி பஸ் கொண்டக்டர் வந்தார்,
ஓட்டோக்காரர் மூவர் வந்தார்கள்,
பள்ளிக்கூடப் பொடியள் வரிசையாய் வந்து
போனில் ஒரு பந்துவீச்சாளரைக் காட்டி
இப்பிடி வேணும் அக்கா என்றார்கள்.

முப்பத்தோராவது ஆளுக்கு
முன்சோதனைப் படிவம் நிரப்பினேன்.
பேன், பொடுகு, படை, காயம்.
எல்லாவற்றுக்கும் இல்லை.
இடது காதுக்கு மேலே சீப்பு
டிக் என்றது.
"அது கிடக்கட்டும் பிள்ளை, சுத்தி வெட்டுங்கோ."
'வேறு' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில்
இரண்டு அங்குலக் கோடு இருந்தது.
உலோகம் என்று எழுதினேன்.
மிஸ் வாசித்தா. முதலெழுத்து இட்டா.
பேனையை மூட நேரமெடுத்தா.

ஸ்காபுரோவிலிருந்து மாமா கேட்டார்:
"பியூட்டி பாலர் எண்டால் சரி.
ஆம்பிளையளின்ர தாடியும் வழிக்கிறியாம்?
அது எங்கட ஆக்கள் செய்யிற வேலையே?"
இணைப்பு விட்டுவிட்டு வந்ததால்
பதில் சொல்லாமல் தப்பினேன்.

கவிதரனுக்கு வகுப்பே தேவையில்லை.
ஏழு நிமிடத்தில் ஒரு தலை.
எழுத்துப் பரீட்சையில்தான் வெள்ளைத் தாள்.
பிரதேச சபை அனுமதிப்பத்திரத்துக்கு
கைகழுவும் தொட்டி, ஒற்றைப் பாவனை பிளேட்,
கதிரைக்குக் கதிரை நாலடி,
மூடியுள்ள முடிக்கூடை
என்று நான் வாசிக்க வாசிக்கக் கேட்டான்.
"அப்பாவின்ர சலூன் முப்பது வருசமா நடக்குது.
அவரிட்ட இதில ஒண்டும் இல்லை.
என்ன பேர் சொல்லி அவரைக் கூப்பிடுவினம் எண்டு
உங்களுக்குத் தெரியும்தானே.
சிகையலங்காரத் தொழில்வினைஞர், மட்டம் மூன்று.
கண்ணாடி போட்டு மாட்டோணும்."

எங்கள் முற்றத்து வேப்பமரத்தடியில்
அவன் பாட்டன் குந்தியிருந்து வெட்டியதை
அவனும் சொல்லவில்லை,
நானும்.

நேற்று மதிப்பீட்டாளர் வவுனியாவிலிருந்து வந்துவிட்டார்.
எனக்கு ஒரு சவரம் குறைந்தது.
வருவதாகச் சொன்ன பால்காரருக்குக் காய்ச்சல்.
சகபயிலுனர் ஒருவரை மட்டும் சேர்க்கலாம்
என்றது விதி, பன்னிரண்டாம் பக்கம்.
கவிதரன் எழுந்து வந்து
கதிரையில் சாய்ந்தான்.

துவாயைச் சுற்றினேன். நுரை பூசினேன்.
கத்திக்குள் பிளேட்டை அவன் காணப் புதிதாய் மாட்டினேன்.
தொண்டை மேலும் கீழும் ஒருமுறை அசைந்தது.
முப்பது பாகை என்று எழுதி
முழுப் புள்ளி வாங்கியவள் நான்.
என் கை நாற்பத்தைந்தில் நின்றது.
அந்தக் கேள்வியை விட்டுவிட்டு வந்தவன்
கண்ணைத் திறக்காமல்
என் மணிக்கட்டைத் தொட்டுச்
சற்றே சாய்த்துவிட்டான்.

தாடையின் வளைவில் ஒரு துளி.
படிகாரம் ஒற்றினேன்.
"எழுதுங்கோ, மறைக்கக்கூடாது" என்றான்.

நாற்பது. கனகசூரியம் கவிதரன்.
கையொப்பத்தைக் கட்டத்துக்கு வெளியேயும் நீட்டி இட்டிருந்தான்.
குறிப்பு: சிறு கீறல், ஒன்று.
மிஸ் அதற்கும் முதலெழுத்து இட்டா.